ஜாஞ்ச்கிர் ஊரின் உபாத்தியாயினி

கல்கத்தாவிலிருந்து நாகபுரிக்குச் செல்லும் இருப்புப்பாதை சத்தீஸ்கர் என்னும் நெல் வயல்களின் நாட்டைக் குறுக்கே கடக்கும் இடத்தில், சாம்பா, ஜாஞ்ச்கிர் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள் இருக்கின்றன. சாம்பா கோசாப் பட்டு நெசவுக்குப் பெயர்போனது. ஜாஞ்ச்கிர், ரத்தன்பூரிலிருந்து ஆண்ட காலச்சுரி மன்னன் ஜாஜல்லதேவனின் பெயரால் எழுந்த பழைய ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கப்பெற்று முற்றுப்பெறாமலே நின்றுவிட்ட விஷ்ணு ஆலயம் ஒன்று இன்றும் அங்கே உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் மத்திய மாகாணத்துப் பிலாஸ்பூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த இவ்வூரில், 1908-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஒரே அறையில், 17 பெண் குழந்தைகளைக் கொண்டு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கப்பெற்றது. அதைத் தொடங்கியவர் ஆனி கிளெம்மர் ஃபங்க் என்னும் அமெரிக்க மாது, வயது 34, மணமாகாதவர், மெனோனைட் என்னும் சிறிய கிறிஸ்தவ சபையின் அங்கத்தினர்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் டைட்டானிக் கப்பலோடு அட்லாண்டிக் சமுத்திரத்தில் மூழ்கி இறந்தவர்களுள் அவரும் ஒருவர். அந்தக் கப்பலின் கீர்த்தி எத்துணைப் பெரிது என்றால், அதில் இறந்த ஒவ்வொருவரின் ஜீவியமும் அந்த ஓர் இரவுக்குள் சுருங்கிவிட்டது. அவர்களைப் பற்றி எழுதுவோர் யாவரும் துறைமுகத்தில் தொடங்கிப் பனிப்பாறையில் முடித்துவிடுகிறார்கள். ஆனி அம்மையாரைப் பற்றி எழுதப்பட்டவற்றுள்ளும் பெரும்பகுதி இத்தகையதே. இது அவருக்குச் செய்யும் நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம். அவர் எப்படி இறந்தார் என்பதைக் காட்டிலும், பென்சில்வேனியாவின் பண்ணை நாட்டில் பிறந்த ஒரு பெண், பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று உலகில் பெரும்பாலோர் எண்ணியிருந்த காலத்தில், சத்தீஸ்கரின் சிற்றூருக்கு வந்து அந்த 17 பேரை எதிரே உட்கார்த்தி வைத்துக்கொள்ள நேர்ந்தது எவ்வாறு என்பதே விசாரித்து அறியத்தக்கது. அதற்குச் சில நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1525-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், சுவிட்சர்லாந்து தேசத்துச் சூரிக் நகரில், ஒரு வீட்டில் கூடிய சிலர் ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டனர். அறியாப் பருவத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது. விசுவாசம் என்பது தானே அறிந்து தானே ஏற்பது. சத்தியப்பிரமாணம் செய்தல் கூடாது. பட்டயம் ஏந்துதல் கூடாது. தீமையைத் தீமையால் எதிர்த்தல் கூடாது. இக்கொள்கைகளைக் கத்தோலிக்க அரசுகளும் பொறுக்கவில்லை, சீர்திருத்த அரசுகளும் பொறுக்கவில்லை. அந்த முதற் கூட்டத்தில் இருந்த ஃபீலிக்ஸ் மான்ஸ் என்பவரை, இரண்டாண்டுகளுக்குள், சூரிக் நகரத்தின் சீர்திருத்தக் கட்சியாரே கைகளைக் கட்டி லிம்மாத் நதியில் அமிழ்த்திக் கொன்றார்கள். நெதர்லாந்தில் இவ்வியக்கத்தார் சிதறுண்டு கிடந்த காலத்தில், 1536-இல் கத்தோலிக்கக் குருத்துவத்தைத் துறந்து வந்து அவர்களை ஒன்றுசேர்த்தவர் மெனோ சைமன்ஸ். அவர் பெயரே பிற்காலத்தில் அச்சபையின் பெயராயிற்று.

இவ்வாறு மாண்ட இரத்தசாட்சிகளுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். அவர்களுள் இருவரை இங்கே நினைவுகூர விரும்புகிறேன்; ஏனெனில் மெனோனைட் வீடுகளில் பிறந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த சரித்திரங்கள் இவை. ஒருவர் எலிசபெத் டர்க்ஸ். கன்னியர் மடத்தில் வளர்ந்து லத்தீன் கற்று, அம்மொழியிலேயே புதிய ஏற்பாட்டைப் படித்து, அதனால் மனம் மாறி மடத்தை விட்டு வெளியேறியவர். 1549-இல் லேயுவார்டன் நகரத்தில் அவரைப் பிடித்தபோது, போதிக்கிறவள் அகப்பட்டாள் என்று அதிகாரிகள் மகிழ்ந்தனர். எவரெவருக்குப் போதித்தாய் என்று கேட்டு விரல்களைத் திருகாணியால் நசுக்கினார்கள். தம் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டவற்றுக்கெல்லாம் தயங்காமல் விடை சொன்ன அவர், பிறர் பெயரை மட்டும் சொல்லவில்லை. சாக்கில் கட்டி அவரை நீரில் அமிழ்த்தினார்கள்.

மற்றொருவர் மாய்க்கன் வென்ஸ், ஆண்ட்வெர்ப் நகரத்தவர், குழந்தைகளின் தாய். 1573-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவரை எரிப்பதற்குக் கொண்டுசென்றபோது, வழியில் ஜனங்களைப் பார்த்துப் பேசிவிடாதிருக்கும்படி அவர் நாவை இரும்புத் திருகாணியால் இறுக்கியிருந்தார்கள். பதினைந்து வயதுள்ள மூத்த மகன் ஆட்ரியன், மூன்று வயதுத் தம்பியை அழைத்துக்கொண்டு வந்து, தாயின் முடிவைக் காண்பதற்காக ஒரு பலகையின்மேல் ஏறி நின்றான். நெருப்பிடும் வேளை வந்ததும் மூர்ச்சித்து விழுந்தான். எல்லாம் முடிந்து ஜனங்கள் கலைந்தபின் எழுந்து, சாம்பலைக் கிளறி, தாயின் நாவை இறுக்கியிருந்த அந்தத் திருகாணியைக் கண்டெடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டான்.

இவற்றையும் இவைபோன்ற பலவற்றையும் தொகுத்து 1660-இல் தீலெமன் வான் பிராக்ட் வெளியிட்ட டச்சுப் பெருநூலின் பெயர் ‘இரத்தசாட்சிகளின் கண்ணாடி’. இதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, 1748, 1749-ஆம் ஆண்டுகளில், பென்சில்வேனியாவின் எஃப்ராட்டா என்னும் இடத்தில் அச்சிட்டார்கள். பதினைந்து பேர் மூன்றாண்டுகள் உழைத்து, ஏறக்குறைய 1,500 பக்கங்களில், 1,300 பிரதிகள் ஆக்கினர். சுதந்திரத்துக்கு முந்திய அமெரிக்கக் குடியேற்றங்களில் அச்சேறிய நூல்களுள் இதைவிடப் பெரியது வேறில்லை. பண்ணை வேலையன்றி வேறறியாத எளிய குடியானவர்கள் இத்தனை பெரிய நூலை ஏன் வேண்டினார்கள் என்றால், தேசங்களுக்கிடையே யுத்தம் மூளும் அறிகுறிகள் தோன்றிய அக்காலத்தில், ஆயுதம் எடுக்கமாட்டோம் என்ற தம் விரதம் தம் மக்களிடத்தில் தளர்ந்துவிடுமோ என்று அவர்கள் அஞ்சினார்கள்.

அக்குடியானவர்கள் அமெரிக்கா வந்த வரலாற்றை விரித்தல் வேண்டா. 1683 முதல், குவேக்கர் சபையைச் சேர்ந்த வில்லியம் பென் மதசுதந்திரம் வழங்கிய அந்நாட்டுக்கு, ரைன் நதிக் கரையிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் தொகுதி தொகுதியாக வந்து நிலம் திருத்திக் குடியமர்ந்தார்கள். ஆனி பிறந்த பாலி என்னும் ஊர் அத்தகைய நிலப்பகுதியில் உள்ளது. அவ்வூரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்: அதன் பெயரே அகஸ்டின் பாலி என்ற ஜேசு சபைக் குருவின் பெயர். ஐரோப்பாவில் ஒருவரையொருவர் சகிக்காத இரண்டு சமயத்தார் இங்கே அண்டை அயலாராய் வேலி பிரித்து வாழ்ந்தார்கள். பின்னாளில் கத்தோலிக்கக் குருவின் பெயரைத் தாங்கவிருந்த ஊரில் மெனோனைட் உதவிக்காரர் ஒருவரின் மகள், அச்சம் என்பதறியாமல், 1874-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி பிறந்தாள். தகப்பனார் ஜேம்ஸ் ஃபங்க் ஹியர்ஃபோர்டு மெனோனைட் சபையில் நெடுங்காலம் உதவிக்காரராக இருந்தவர், தாயார் சுசன்னா.

பெண்ணொருத்தி இச்சபையிலிருந்து கடல்கடந்து சென்று பணியாற்றுதல், ஆனி புறப்பட்டதற்கு அரை நூற்றாண்டு முன்னர், எண்ணிப் பார்க்கவும் இயலாத காரியம். உலகத்தோடு ஒட்டாமல் ஒதுங்கி வாழ்தலே அவர்கள் மரபு. போதகர்கள் கழுத்துப்பட்டை இல்லாத எளிய அங்கி அணியவேண்டும் என்பது முதலாகப் பல கட்டுப்பாடுகள் இருந்தன. பூட்டுத் தொழிலாளியாகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்த ஜான் ஓபர்ஹோல்ட்சர் என்ற இளம் போதகர் இந்த அங்கியை அணிய மறுத்தார். சபைக்கு எழுத்திலமைந்த சட்டம் வேண்டும், கூட்ட நடவடிக்கைகளைக் குறித்து வைக்கவேண்டும் என்றும் வற்புறுத்தினார். 1847-இல் இதனால் சபை இரண்டாயிற்று. அங்கியின் கழுத்துப்பட்டைக்காகச் சபை பிளவுபடுமா என்று இன்று தோன்றலாம்; ஆனால் அன்று அந்தப் பட்டைக்குள் இருந்தது, உலகத்தைக் கண்டு விலகுவதா, உலகத்துக்குள் இறங்கிப் பணி செய்வதா என்ற பெரிய வினா. பிரிந்தவர்கள் பத்திரிகை நடத்தினர், 1860-இல் பொதுப் பேரவை என்ற ஐக்கியத்தை ஏற்படுத்தினர், கல்விச்சாலை அமைத்தனர், 1880-இல் அமெரிக்கப் பூர்வகுடிகளாகிய அரப்பஹோ மக்களிடையே தங்கள் முதல் ஊழியத்தைத் தொடங்கினர். ஆனியின் குடும்பம் இந்தப் புதிய பிரிவைச் சேர்ந்தது. ஓபர்ஹோல்ட்சர் திறந்த கதவின் வழியாகத்தான் ஒரு தலைமுறைக்குப் பின் அந்தப் பெண் வெளியே வந்தாள் என்று சொல்லலாம்.

ஆனி வெஸ்ட் செஸ்டரில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்றார். பின்னர் மாசசூசெட்ஸ் மாகாணத்து நார்த்ஃபீல்டில், பிரசித்தி பெற்ற சுவிசேஷகர் மூடி நிறுவிய பெண்களுக்கான பயிற்சிப் பள்ளியில் வேதாகமம் கற்றார். படிப்பு முடிந்தபின் டென்னஸி மாகாணத்துச் சாட்டனூகா நகரத்தில் கறுப்பின மக்களிடையே வேலை செய்தார். அதன்பின் நியூஜெர்சியின் பாட்டர்சன் நகரில் கிறிஸ்தவ மாதர் சங்கத்தில் பணி மேற்கொண்டார். சாட்டனூகாவில் அடிமைத்தனம் ஒழிந்து நாற்பது ஆண்டுகள்கூட நிறையவில்லை. பாட்டர்சனோ பட்டு ஆலைகளின் நகரம், நூற்பு அறைகளிலும் தறிக் கூடங்களிலும் இளம் பெண்கள் நாள் முழுவதும் நின்று உழைத்த இடம். இந்தியா வருமுன்னரே, தம் குலத்தாரும் தம் மொழியினரும் அல்லாதவர்களோடு அமர்ந்து வேலை செய்யப் பழகியவர் அவர் என்பதை இவ்விரண்டு ஊர்களும் காட்டுகின்றன. பிற்காலத்தில் ஜாஞ்ச்கிரில் அவருக்குப் பயன்பட்டது பெரும்பாலும் இந்தப் பழக்கமே என்று கருதுகிறேன்.

மெனோனைட் சபையாரை இந்தியாவுக்கு அழைத்து வந்தது க்ஷாமம். 1896, 1897-ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தைக் கேள்வியுற்ற அமெரிக்க மெனோனைட் விவசாயிகள் தானியமும் பணமும் சேர்த்து அனுப்பினர். ஜார்ஜ் லாம்பர்ட் என்ற போதகர் இந்தியாவுக்கு வந்து, கண்டவற்றைப் புத்தகமாக எழுதினார். அப்புத்தகமும், 1899, 1900-இல் மத்திய மாகாணத்தை மறுபடியும் வாட்டிய பெரும் பஞ்சமும், அவர்கள் உள்ளத்தை உலுக்கின. 1899-இல் பழைய பிரிவினர் தம்தரியில் வந்து அமர்ந்தனர். 1900-இல் புதிய பிரிவினர் பென்னர், குரோக்கர் என்ற இருவரைத் தத்தம் மனைவியரோடு அனுப்பினர். பென்னர் சாம்பாவிலும், குரோக்கர் ஜாஞ்ச்கிரிலும் தங்கினார்கள். சாம்பாவில் கால் வைத்த சிறிது காலத்திலேயே பென்னரின் வாயிலுக்கு வந்தவர்கள் குஷ்டரோகிகள். 1902-இல் அவர்களுக்காக ஓர் இல்லம் ஏற்பட்டது. வந்த காரியம் ஒன்று, வாய்த்த காரியம் மற்றொன்று. அக்காலத்து மிஷனெரிமார் இந்நாட்டு சமயங்களைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணங்களை நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அந்நிய ஆட்சியின் நிழலில் அவர்கள் பாதுகாப்பாக வாழ்ந்தார்கள் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆயினும், உற்றாரும் தொடாத தேகத்துப் புண்களைக் கழுவிக் கட்டியவர்கள் யார் என்று சரித்திரம் எழுதுவோன் குறிப்பிடாமல் போவானாயின், அவன் நேர்மையுள்ளவன் ஆகமாட்டான்.

1906-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஆனி புறப்பட்டார். டிசம்பரில் இந்தியா வந்து சேர்ந்தார். அச்சபை இந்தியாவுக்கு அனுப்பிய மணமாகாத பெண்களில் அவரே முதல்வர். புறப்படும் வேளையில் கடற்பிரயாணத்தின் அபாயத்தைச் சொல்லி நண்பர்கள் கவலைப்பட்டபோது, நிலத்தில் எவ்வளவு அண்மையில் கடவுள் இருக்கிறாரோ கடலிலும் அவ்வளவு அண்மையில் இருக்கிறார், ஆதலால் தமக்குப் பயமில்லை என்று விடை கூறினாராம். பிற்கால நிகழ்ச்சியை வைத்து இந்த வார்த்தையைப் பெரிய தீர்க்கதரிசனம் போல எடுத்தாள்கிறார்கள். எனக்கோ அது தீர்க்கதரிசனமாகப் படவில்லை. அவர் வீட்டைப் போன்ற வீட்டில் வளர்ந்த எவரும் சொல்லக்கூடிய சாதாரண வார்த்தை அது; அதன் மேன்மையும் அந்தச் சாதாரணத் தன்மையில்தான் இருக்கிறது.

வந்தவுடன் ஹிந்தி கற்றார். மொழி ஓரளவு கைவந்தபின், மேலே கூறியபடி, 1908 ஜூலையில் பெண் குழந்தைகளின் வித்தியாசாலை தொடங்கியது. 17 என்ற எண்ணைச் சிறியது என்று தள்ளிவிடலாகாது. 1911-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கின்படி, இந்தியா முழுவதிலும் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் ஆயிரத்துக்குப் பத்துப் பேர். மாகாணத் தலைநகரங்களையும் துறைமுகப் பட்டணங்களையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், உள்நாட்டு நெல் வயல்களின் நடுவே இருந்த சிற்றூரில் இந்த விகிதம் என்னவாக இருந்திருக்கும் என்பதை எவரும் ஊகித்துக்கொள்ளலாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் வேண்டிய கைகளை, அதுவும் மழை தொடங்கும் ஜூலை மாதத்தில், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய தியாகமன்று. பால்ய விவாகம் வழக்கமாக இருந்த நாட்டில், ஒரு பெண் படிக்கக் கிடைப்பதே சில ஆண்டுகள்தாம். ஆதலால் அந்த 17 குழந்தைகளின் தாய் தந்தையர் காட்டிய துணிவும் அந்த உபாத்தியாயினியின் துணிவுக்குக் குறைந்ததன்று. அக்காலத்து மிஷன் பெண்பள்ளிகளில் வாசிப்பு, எழுத்து, கணக்கு, தையல், வேதபாடம் ஆகியவை கற்பிக்கப்பெற்றன. இவற்றுள் வேதபாடமே மூலநோக்கம் என்று கற்பித்தவர்கள் எண்ணியிருக்கக்கூடும்; ஆனால் ஒரு முறை எழுத்தறிந்த பெண், எதை வாசிப்பது என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமையையும் அதனோடு பெற்றுவிடுகிறாள். கன்னியர் மடத்தில் லத்தீன் கற்ற எலிசபெத் டர்க்ஸுக்கு நேர்ந்ததும் இதுவே.

தினந்தோறும் ஒரே அறை, ஒரே அரிச்சுவடி, வெயிற்காலம், மழைக்காலம், மறுபடியும் வெயிற்காலம். நாட்குறிப்பில் எழுதத்தக்க பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லாத இத்தகைய ஆண்டுகளே ஆசிரியரின் ஜீவியத்தில் மிகுதியானவை. பக்தி என்பதைப் பரவசமாகவும் தரிசனமாகவும் எண்ணும் வழக்கம் நம்மிடையே அதிகம். மெனோனைட் மரபிலோ பக்தி என்பது ஒழுகுவது. திருவிருந்தின்போது ஒருவர் பாதத்தை ஒருவர் குனிந்து கழுவுதல் அவர்கள் பல சபைகளில் வழங்கிவரும் ஆசாரம். அந்த ஆசாரத்தில் வளர்ந்த பெண், அதை ஆராதனைக்குரிய ஒரு நாளோடு நிறுத்தாமல் ஐந்து வருஷம் நீட்டிச் செய்தார் என்றே ஜாஞ்ச்கிர் வாசத்தை நான் புரிந்துகொள்கிறேன்.

1912-ஆம் ஆண்டில் சொந்த ஊரிலிருந்து தந்தி வந்தது: தாயார் கடும் நோயுற்றிருக்கிறார், உடனே புறப்படவேண்டும், பிரயாணச் சீட்டுகளுக்கு ஏற்பாடு செய்தாயிற்று. பம்பாயில் பெர்ஷியா என்ற கப்பலேறி மார்செய்ல்ஸ் வரை சென்று, அங்கிருந்து ரயிலில் பிரான்ஸ் தேசத்தைக் கடந்து இங்கிலாந்தை அடைந்தார். லிவர்பூலிலிருந்து ஹாவர்ஃபோர்டு என்ற கப்பலில் அவர் செல்வதாக ஏற்பாடு. அக்கப்பல் பிலடெல்பியாவுக்கே நேராகச் செல்வது. பாலி ஊரிலுள்ள தாயின் படுக்கையருகே போய்ச் சேர அதைவிடத் தகுந்த கப்பல் இல்லை. ஆனால் அந்த ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், ஏறக்குறைய பத்து லட்சம் பேர், குறைந்தபட்சக் கூலி வேண்டி வேலைநிறுத்தம் செய்தார்கள். நிறுத்தம் ஏப்ரல் முதல் வாரத்தில் முடிந்தும் கரிப் பஞ்சம் தீரவில்லை. பல கப்பல்கள் துறைமுகத்திலேயே கட்டுண்டு கிடக்க, அவற்றின் கரியும் பிரயாணிகளும் புதிய பெருங்கப்பலாகிய டைட்டானிக்குக்கு மாற்றப்பட்டனர். இவ்வாறு ஏப்ரல் 10-ஆம் தேதி சவுதாம்ப்டனில் இரண்டாம் வகுப்புப் பிரயாணியாக ஆனி அம்மையார் அதில் ஏறினார். 12-ஆம் தேதி கடலின் நடுவே அவருக்கு 38 வயது நிறைந்தது. 14-ஆம் தேதி இரவு கப்பல் பனிப்பாறையில் மோதியது. 15-ஆம் தேதி விடியுமுன் மூழ்கியது. ஏறக்குறைய 1,500 பேர் மாண்டனர். அவர் உடல் கிடைக்கவில்லை.

உயிர்ப்படகு ஒன்றில் ஏறும் நிலையில் அவர் இருந்ததாகவும், பின்னாலிருந்து ஒரு தாய் தன் குழந்தைகளைக் கூவியழைத்ததைக் கேட்டுத் தம் இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்ததாகவும் சபையில் ஒரு வரலாறு வழங்கிவருகிறது. கண்ணால் கண்டவர் சாட்சியாக இதைக் கொள்ளுதற்கில்லை. இரண்டாம் வகுப்பிலிருந்த 93 பெண்களில் 80 பேரும், குழந்தைகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர் என்பது பிரிட்டிஷ் விசாரணையின் கணக்கு. உயிர் பிழையாத 13 பேருள் அவர் ஏன் ஒருவரானார் என்ற வினாவே அந்த வரலாற்றை வளர்த்திருக்கலாம். அது நிகழ்ந்திருந்தால் வியப்பதற்கில்லை. நிகழாவிட்டாலும் அவர் பெருமை ஓர் அணுவளவும் குறைவதில்லை. பிறர் பெயரைச் சொல்லாமல் விரல்கள் நசுங்கப் பொறுத்த எலிசபெத்தின் சரித்திரத்தைப் போற்றிய சமூகத்தில் வளர்ந்தவர், தமக்கு உரியதைப் பிறருக்கு விடுதலை ஒரு கணத்தின் ஆவேசத்தால் கற்கவேண்டியதில்லை.

பாலி ஊரில் ஹியர்ஃபோர்டு சபையார் தங்கள் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு நினைவுக்கல் நாட்டினர். ஜாஞ்ச்கிரில் அவர் தொடங்கிய பள்ளிக்கு ஆனி ஃபங்க் ஞாபகார்த்தப் பள்ளி என்று பெயரிட்டனர். அவருக்குப் பின் வந்த வேறு பெண்கள் அதே வேலையை ஏற்று, பல்லாண்டுகள் அதை நடத்தினார்கள்.